சென்னையில் பிறந்த மருந்தும் பதுளைக் கட்டிலும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை, ஹல்துமுல்லையைத் தாண்டிப் பெரகலவை அடைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதை கொஸ்லந்தை, வெல்லவாய என்று கீழே இறங்குகிறது. மற்றது பனிமூட்டத்துக்குள் அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளை, ஹாலிஎல ஊடாகப் பதுளையைச் சென்று சேர்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஒருவருக்கு நோய் முற்றினால், தோட்டத்து மருந்தகத்தில் தொடங்கி, அப்புத்தளை அல்லது தியத்தலாவை ஆஸ்பத்திரியில் தங்கி, இறுதியில் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்படுவதே வழக்கம். மலையேறிச் செல்லும் அந்த நோயாளியின் குடும்பத்துக்கு ஒரே நம்பிக்கைதான்: பதுளைக்குப் போய்விட்டால் பிழைத்துவிடலாம்.

பெரும்பாலானோர் பிழைத்து வருகின்றனர். ஆனால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே காத்திருக்கும் நோய் ஒன்று உண்டு. விபத்தில் தலையில் அடிபட்டவரும், வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரும், பாம்புக் கடியால் மூச்சுத் திணறிச் செயற்கைச் சுவாசக் கருவியில் கிடத்தப்பட்டவரும், வந்த நோய் தீரும் தறுவாயில் புதிதாக நிமோனியாவுக்கு ஆளாவதுண்டு. அனுமதிக்கப்பட்டு 48 மணித்தியாலங்கள் கழிந்த பின்னர் தோன்றும் இத்தகைய நுரையீரல் அழற்சியையே, மருத்துவமனையில் தொற்றும் நிமோனியா என்று மருத்துவர்கள் வரையறுத்திருக்கின்றனர். இது பதுளைக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் சென்னையிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதே நோயுடன்தான் மல்லுக்கட்டுகின்றன.

இந்நோய்க்கான புதிய மருந்துகளின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நம் ஊவா மாகாணத்துக்கும் ஒன்று உண்டு. முன்னது ஒரு மூலக்கூற்றின் கதை. பின்னது ஒரு மனிதரின் கதை. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் புதிய மருந்து என்பதன் முழுப் பொருளும் விளங்கும் என்பது என் கருத்து.

பழைய எதிரி

நிமோனியா மலையகத்துக்குப் புதியது அன்று. ஈரமும் குளிரும் புகையும் நிறைந்த ஒற்றை லயக் காம்பராவில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடந்த காலத்தில், வயிற்றுளைச்சல், கொக்கிப்புழு, இரத்தச்சோகை ஆகியவற்றுடன் நிமோனியாவும் தோட்டத் தொழிலாளரின் உயிரை வாங்கிய முதன்மையான நோய்களுள் ஒன்றாக இருந்தது. தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் தொடர்பாக 1872 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1912 இல் மேலும் சட்டங்கள் வந்தன. மாவட்ட ஆஸ்பத்திரிகளும் தோட்ட மருந்தகங்களும் அவ்வழியே உருவாயின. ஆயினும் மருந்தகம் இருந்ததே தவிர, நிமோனியாவைக் குணமாக்கும் மருந்து அன்று உலகில் எங்குமே இருக்கவில்லை. துரையின் பங்களாவில் கண்டாலும் லயத்தில் கண்டாலும் காய்ச்சல் தானாக இறங்கும்வரை காத்திருப்பதே சிகிச்சை.

அந்த நிலையை மாற்றிய முதல் மருந்து பெனிசிலின் அன்று. சல்ஃபா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மாத்திரை. இங்கிலாந்தின் மே அண்ட் பேக்கர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பிறந்த அது, எம். அண்ட் பி. 693 என்ற இலக்கப் பெயருடன் 1938 இல் வெளிவந்தது. 1943 டிசம்பரில் வட ஆபிரிக்காவில் நிமோனியாவால் படுத்த வின்ஸ்டன் சேர்ச்சிலுக்குக் கொடுக்கப்பட்டதும் இதே குடும்பத்து மருந்துதான். அடுத்து பெனிசிலின் வந்தது. 1928 இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பூஞ்சணத்தை, 1940 அளவில் ஒக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரியும் ஏர்னஸ்ட் செயினும் மருந்தாக்கினர். 1941 பெப்ரவரியில் அதனைப் பெற்ற முதல் நோயாளியான ஒரு காவலர் வியக்கத்தக்க விதத்தில் தேறி வந்தார். பின்னர் கையிருப்புத் தீர்ந்து போனமையால் அவர் இறந்தார். அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றிப் பார்த்தார்கள்; போதவில்லை.

இந்த நிகழ்வை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் வரலாறு, மருந்து பலித்தும் போதாமற்போன ஒரு மரணத்துடன்தான் தொடங்குகிறது.

ஆஸ்பத்திரி வளர்த்த நோய்

பெனிசிலின் அடக்கியது ஊரில் தொற்றும் நிமோனியாவை. ஆஸ்பத்திரியில் தொற்றுவது வேறு கிருமிக் கூட்டத்தின் வேலை. இதில் ஒரு வரலாற்று விசித்திரம் உண்டு. 1882 இல் ஜேர்மனியரான கார்ல் ஃபிரீட்லெண்டர், நிமோனியாவால் இறந்தோரின் நுரையீரலில் ஒரு பக்டீரியாவைக் கண்டார். இன்று அது கிளெப்சியெல்லா எனப்படுகிறது. அவருடைய பெர்லின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய டென்மார்க் இளைஞரான ஹான்ஸ் கிறிஸ்தியன் கிராம், அந்த நுரையீரல் திசுக்களில் கிருமிகளைத் தெளிவாகக் காண்பதற்காகச் சாயமூட்டும் முறையொன்றை 1884 இல் வெளியிட்டார். ஊதாச் சாயத்தைப் பிடித்துவைத்துக்கொள்பவை கிராம் நேர்வகை. கழுவும்போது சாயத்தை விட்டுவிடுபவை கிராம் எதிர்வகை. நிமோனியாவை ஆராயும்போது பிறந்த அந்தப் பிரிவினையே, பிற்காலத்தில் நிமோனியா சிகிச்சையின் தலைவிதியைத் தீர்மானிப்பதாயிற்று. கிராம் எதிர்வகைக் கிருமிகளுக்கு வெளிப்புறத்தில் இன்னொரு சவ்வு உண்டு. பல மருந்துகள் அந்த மதிலைத் தாண்டி உள்ளே போக மாட்டா.

இக்கிருமிகளுக்கு வாசலைத் திறந்துவிட்டதும் மருத்துவ முன்னேற்றமே. 1952 இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவி நோயாளிகள் மூச்சின்றித் தவித்தபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, கையால் காற்றை அழுத்திச் செலுத்தச் சொன்னார். சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக அந்தப் பையை அமுக்கினர். நவீன தீவிர சிகிச்சைப் பிரிவின் பிறப்பு அதுவே. எண்ணற்ற உயிர்களைக் காத்த அந்தக் குழாய், மூக்கும் தொண்டையும் இருமலும் சேர்ந்து அமைத்திருந்த இயற்கைக் காவலைத் தாண்டி நுரையீரலுக்கு ஒரு நேர்ப்பாதையையும் போட்டுக் கொடுத்தது. வாயில் ஊறும் நீர் குழாயின் ஓரமாகக் கசிந்து இறங்கும். கிருமிகள் குழாயின் உட்புறத்தில் பாசிபோலப் படியும். ஊழியரின் கழுவாத கையும் ஈரமான உபகரணமும் ஒரு கட்டிலின் கிருமியை மறு கட்டிலுக்குக் கொண்டு போகும். 1960 களில், சுவாசக் கருவிகளுடன் இணைத்த நீர்த்தூவிகளே கிராம் எதிர்வகைக் கிருமிகளைப் பரப்பியமை கண்டறியப்பட்டது.

பூட்டும் திறப்பும்

இனி மருந்துகளின் கதைக்கு வருவோம். பெனிசிலினைக் காவலருக்கு ஏற்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, அதாவது 1940 டிசம்பரிலேயே, செயினும் எட்வர்ட் ஏப்ரகாமும் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டிருந்தனர். பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் ஒன்றைச் சில பக்டீரியாக்கள் சுரக்கின்றன என்பதே அது. மருந்து நோயாளியை எட்டுமுன்பே, மாற்று மருந்து கிருமியின் கையில் இருந்தது. அளவு குறைத்து மருந்தை உண்பவர் கிருமிக்கு எதிர்ப்பாற்றலைக் கற்பிக்கிறார் என்று ஃபிளெமிங்கும் 1945 இல் நோபல் பரிசு உரையிலேயே சொல்லி வைத்தார்.

அதே 1945 இல் இத்தாலியின் சார்டினியாத் தீவில், ஜுசெப்பே புரோட்ஸு என்பவர் கடலில் கலக்கும் கழிவுநீர் வாய்க்காலிலிருந்து ஒரு பூஞ்சணத்தை எடுத்தார். அது ஒக்ஸ்ஃபோர்டுக்குப் போய், ஏப்ரகாம், கை நியூட்டன் ஆகியோரின் கைகளில் செஃபலோஸ்போரின் என்ற புதிய மருந்துக் குடும்பமாயிற்று. கிராம் எதிர்வகைக் கிருமிகளை வீழ்த்தும் செஃப்டாசிடிம், செஃபெபிம் போன்றவை இக்குடும்பத்தின் பிற்காலப் பிள்ளைகள்.

நொதியங்களுக்கு என்ன செய்வது? 1970 களில் வேறொரு யோசனை பலித்தது. மருந்தை மாற்றுவதற்குப் பதிலாக, கூடவே ஒரு காவலாளியை அனுப்புவது. கிளவுலானிக் அமிலம் என்ற பொருள் கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கிருமியின் நொதியத்தில் தானே போய் ஒட்டிக்கொண்டு அதனை முடக்கிவிடும். மருந்து பத்திரமாக இலக்கை அடையும். அமொக்சிசிலினும் இந்த அமிலமும் சேர்ந்த ஓக்மென்டின் 1981 இல் வந்தது. அதே தத்துவத்தில் அமைந்த பிப்பெரசிலின்-டாசோபக்டம் 1990 களில் ஆஸ்பத்திரி நிமோனியாவின் முக்கிய மருந்தாகியது.

கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. 1983 இல் ஜேர்மனியில், புதிய செஃபலோஸ்போரின்களையும் சிதைக்கும் விரிந்த வீச்சு நொதியங்கள் கிளெப்சியெல்லாவில் அறிவிக்கப்பட்டன. மருத்துவர்கள் கார்பாபெனெம் என்ற வலிய மருந்துகளிடம் சென்றனர். சில ஆண்டுகளில் அவற்றையும் சிதைக்கும் நொதியங்கள் தோன்றின. பின்பு சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த கொலிஸ்டின் என்ற பழைய மருந்தையே தூசு தட்டி எடுக்க நேர்ந்தது.

சென்னை, 2010

2010 ஆகஸ்டில் இந்தச் செய்தி சென்னையிலிருந்து வெடித்துக் கிளம்பியபோது நான் செய்தி மேசையில் இருந்தேன். நியூடில்லி மெற்றலோ பீற்றா லக்டமேஸ்-1, சுருக்கமாக என்.டி.எம்.-1 என்ற நொதியம் பற்றிய ஆய்வுக் கட்டுரை, லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்திருந்தது. கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்தியத் துணைக்கண்டத்தின் பிற இடங்களில் 73 என்று, இந்நொதியத்தைச் சுமந்த கிருமிகளை அக்குழு எண்ணிக் காட்டியிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கார்பாபெனெம் பலிக்கவில்லை. மிஞ்சியவை கொலிஸ்டினும் டைகெசைக்கிளினும் மாத்திரமே.

புதுடில்லியில் எழுந்த ஆத்திரம் பெரும்பாலும் பெயரைப் பற்றியதாகவே இருந்தது. நாட்டின் தலைநகரின் பெயரை ஒரு கிருமியின் நொதியத்துக்கு வைப்பதா, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதியா என்றெல்லாம் வாதங்கள் நடந்தன. பெயரைப் பற்றிய சச்சரவில் பொருள் மறைந்துபோவது நமது பொதுவாழ்வில் அடிக்கடி நிகழ்வதுதான். எனினும் சென்னை மருத்துவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. 2012 ஆகஸ்டில் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள், டாக்டர் அப்துல் கஃபூரின் முன்னெடுப்பில் சென்னைப் பிரகடனம் என்ற ஆவணத்தை உருவாக்கின. மருத்துவச் சீட்டில்லாமல் நுண்ணுயிர்க்கொல்லிகளை விற்பதைக் கட்டுப்படுத்துமாறும், ஆஸ்பத்திரிகளில் தொற்றுத் தடுப்புக் குழுக்களை அமைக்குமாறும் அது கோரியது. 24 நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த இந்திய அரசின் விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

ஒரு மெத்தில் தொகுதி

இதே நகரத்தில், ஆரவாரமின்றி இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஓர்க்கிட் என்பது 1992 இல் தொடங்கப்பட்ட சென்னை நிறுவனம். செஃபலோஸ்போரின் மருந்துகளைத் தயாரித்து உலகெங்கும் விற்றுவந்தது. காப்புரிமை காலாவதியான மருந்துகளை மலிவாகச் செய்வதே இந்திய நிறுவனங்களின் பலம் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், அதன் ஆய்வாளர்கள் புதிய மூலக்கூறொன்றை உருவாக்கினர். டாசோபக்டத்தின் ஒரு வளையத்தில் ஒரேயொரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தனர். அதனால் மூலக்கூற்றில் நேரேற்றமும் எதிரேற்றமும் ஒருங்கே அமைந்தன. கிராம் எதிர்வகைக் கிருமியின் வெளிச் சவ்வைத் தாண்டுவது எளிதாயிற்று. பின்னாளில் இதற்கு என்மெட்டாசோபக்டம் என்று பெயர் சூட்டப்பட்டது. செஃபெபிம் என்ற மருந்துக்கு இது காவலாளி.

மூலக்கூறு பிறந்தது சென்னையில். வளர்ந்தது வேறு வீட்டில். மனிதரில் சோதித்து முடிக்கும் செலவு தாங்க முடியாதது. எனவே ஐரோப்பாவில் 2013 இல் தொடங்கப்பட்ட அலெக்ரா என்ற சிறு நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது. இதற்கிடையில் ஓர்க்கிட் நிறுவனமே கடனில் மூழ்கியது. 2017 இல் நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்குள் சென்று, 2020 இல் தானுகா லெபோரட்டரிஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பெற்ற வீடு ஏலத்தில் போய்க்கொண்டிருக்க, பிள்ளை பிறதேசத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது எனலாம்.

பரீட்சையின் பெறுபேறு 2022 இல் வந்தது. சிக்கலான சிறுநீர்த்தொற்று உடைய 1041 பேரைக் கொண்டு நடத்திய மூன்றாம் கட்ட ஆய்வில், புதிய கூட்டு மருந்து பெற்றவர்களுள் 79.1 வீதத்தினரும், பிப்பெரசிலின்-டாசோபக்டம் பெற்றவர்களுள் 58.9 வீதத்தினரும் முழுமையான பலன் பெற்றனர். 2024 பெப்ரவரியில் அமெரிக்கா அனுமதித்தது. இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டு அமெரிக்க அனுமதியைப் பெற்ற முதலாவது நுண்ணுயிர்க்கொல்லிப் பொருள் என்று இதனைக் கொண்டாடினர். அமெரிக்க அனுமதி சிறுநீர்த்தொற்றுக்கு மட்டுமே. அடுத்த மாதம் ஐரோப்பிய ஒன்றியம் வழங்கிய அனுமதியிலோ, மருத்துவமனையில் தொற்றும் நிமோனியாவும் செயற்கைச் சுவாசத்துடன் தொடர்புடைய நிமோனியாவும் சேர்க்கப்பட்டிருந்தன. 2024 இலேயே இந்தியாவிலும் இம்மருந்து விற்பனைக்கு வந்தது.

நிமோனியா நோயாளர்களிடம் பெரும் ஆய்வு நடத்தாமலே ஐரோப்பா எவ்வாறு அனுமதித்தது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செஃபெபிம் நிமோனியாவில் நெடுங்காலம் பயன்பட்டுவந்த மருந்து. அத்துடன் ஆரோக்கியமான தொண்டர்களின் நுரையீரலைக் கழுவியெடுத்த நீரில், மருந்தும் காவலாளியும் போதிய அளவில் போய்ச் சேர்கின்றனவா என்று அளந்து பார்த்தனர். அந்தக் கணக்குகளும் தீர்மானத்துக்குத் துணைநின்றன.

நுரையீரல் ஏன் கடினம்?

இந்த அளவீடு ஏன் முக்கியம் என்பதற்கு டாப்டோமைசின் என்ற மருந்தின் வரலாறு நல்ல சான்று. 2003 இல் தோல் தொற்றுகளுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது, இரத்தத்தில் கிருமியைச் சரசரவென்று கொன்றது. நிமோனியாவில் தோற்றது. காரணத்தை ஆராய்ந்தபோது, நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதிருக்க நம் உடல் சுரக்கும் கொழுப்புத் திரவமே மருந்தைப் பிடித்துவைத்துச் செயலிழக்கச் செய்தமை தெரியவந்தது. டைகெசைக்கிளினும் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த நோயாளரிடம் ஏமாற்றியது. சோதனைக் குழாயில் வென்றது நுரையீரலில் வெல்லும் என்ற உத்தரவாதம் கிடையாது.

ஆய்வை நடத்துவதும் கடினம். நினைவிழந்து கிடப்பவரிடம் சம்மதம் பெற முடியாது. உறவினரைத் தேட வேண்டும். ஆய்வில் சேருமுன்னரே அவர் உடலில் வேறு மருந்துகள் ஏற்றப்பட்டிருக்கும். எந்தக் கிருமி என்று ஆய்வுகூடம் சொல்ல இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை காத்திருந்தால் நோயாளி இறந்துவிடலாம். இறுதியில் 28 நாட்களுக்குள் எத்தனை பேர் இறந்தனர் என்பதே பெரும்பாலும் அளவுகோல். ஆனால் தலைக்காயத்தால் இறந்தாரா, நிமோனியாவால் இறந்தாரா என்று பிரித்தறிவது எளிதன்று.

இவ்வளவையும் கடந்து வந்தாலும் பணம் கிடைப்பதில்லை. ஒரு புதிய நுண்ணுயிர்க்கொல்லியை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு காலம் அது பலிக்கும். குறைவாக விற்க வேண்டிய பொருளை எந்த வணிகர் விரும்புவார்? அமெரிக்காவின் அக்காஜன் நிறுவனம் பிளாசொமைசின் என்ற மருந்துக்கு 2018 ஜூனில் அனுமதி பெற்றது. 2019 ஏப்ரலில் நொடித்துப்போனது. இதனை உணர்ந்தே பிரித்தானியா 2022 இல் புதுவழியொன்றைத் தொடங்கியது. எத்தனை குப்பிகள் செலவாயின என்று பாராமல், இரண்டு மருந்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒரு கோடி பவுண் வரை சந்தாப் போலச் செலுத்தும் ஏற்பாடு அது. தீயணைப்பு நிலையத்துக்குத் தீப்பிடித்த வீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்தா சம்பளம் கொடுக்கிறோம்?

சென்னை மருந்துக்கும் எல்லையுண்டு. விரிந்த வீச்சு நொதியங்களை அது முடக்கும், என்.டி.எம்.-1 ஐ முடக்காது. அதாவது 2010 இல் சென்னையில் எண்ணப்பட்ட அந்தக் கிருமிகளுக்கு, சென்னையில் பிறந்த இந்த மருந்து விடையாகாது. அதன் பெரும்பயன் வேறு: கார்பாபெனெம் தேவைப்படாத இடத்தில் அதனைக் கொடுக்காமல் காப்பாற்றி வைப்பது. என்.டி.எம். கிருமிகளுக்கு அஸ்ட்ரியோனம்-அவிபக்டம், செஃபிடெரொகொல் போன்றவையும், தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தீராத தலைவலியான அசினெட்டோபக்டருக்கு 2023 இல் அமெரிக்க அனுமதி பெற்ற சல்பக்டம்-டர்லோபக்டமும் வந்துள்ளன. இவற்றின் விலையும் கிடைக்குந்தன்மையும் நம் போன்ற நாடுகளுக்குப் பெரும் மலைகள்.

ஊவா தந்த மனிதர்

இங்கேதான் ஊவாவின் அத்தியாயம் தொடங்குகிறது. பேராசிரியர் செனக பிபிலே, பெயரே சொல்வது போல, நம் மாகாணத்தின் பிபிலையைச் சேர்ந்த குடும்பத்தவர். 1920 இல் பிறந்தவர். மருந்தியல் பேராசிரியராகவும், பேராதனை மருத்துவ பீடத்தின் முதலாவது பீடாதிபதியாகவும் விளங்கியவர். அவர் எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. மருந்து எவ்வாறு ஒரு நாட்டின் கடைசிக் கட்டிலைச் சென்றடைய வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தார்.

டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் 1971 இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. பிபிலே அதன் முதல் தலைவரானார். ஒரே மருந்துக்குப் பத்துப் பதினைந்து வணிகப் பெயர்கள் எதற்கு? தேவையான மருந்துகளைப் பட்டியலிடு, பொதுப்பெயரில் எழுது, உலகச் சந்தையில் போட்டி விலைகோரி மொத்தமாக வாங்கு, தரத்தைச் சோதி, மருத்துவர்களுக்குக் கம்பனி முகவரல்லாத ஒருவர் தகவல் கொடுக்கட்டும். இவ்வளவுதான் அவருடைய கொள்கை. எளிமையானது, ஆதலால் எதிர்ப்பும் கடுமையானது.

1974 இல் கொலரா பரவியபோது அந்த எதிர்ப்பின் முகம் தெரிந்தது. தேவைப்பட்டது டெற்றாசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி. கூட்டுத்தாபனம் குறைந்த விலையில் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு வில்லைகளைத் தயாரித்துத்தர, இங்கு ஆலை வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று உடன்படவில்லை. ஆலையை அரசு பொறுப்பேற்கும் யோசனை எழுந்தபோது அமெரிக்கத் தூதுவரே பிரதமரிடம் பேசினார். முடிவில் கூடிய விலை கொடுத்து வெளிநாட்டிலிருந்து மருந்தை விமானத்தில் தருவிக்க வேண்டியதாயிற்று. பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சயா லாலும் சேர்ந்து எழுதிய ஆய்வில் இந்நிகழ்வு பதிவாகியுள்ளது. 1977 செப்டெம்பரில், ஐக்கிய நாடுகள் பணியில் கயானாவில் இருந்தபோது பிபிலே காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். பட்டியலிட்டுப் பொதுப்பெயரில் வாங்கும் அவருடைய வழி, பின்னர் பல நாடுகளுக்கு முன்னுதாரணமாயிற்று.

இங்கே அது தேங்கிக் கிடந்தது. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டம் 2015 இல்தான் நிறைவேறியது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் டொலர் இல்லாமல் மருந்துகள் தீர்ந்தபோது, பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளைச் சில நாட்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. அவர் கற்பித்த ஊரிலேயே அந்நிலை.

இனி வேண்டுவது

2019 இல் மட்டும் எதிர்ப்பாற்றல் பெற்ற பக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று ஒரு பெரும் ஆய்வு 2022 இல் மதிப்பிட்டது. இந்த எண்ணிக்கைக்குள் இரண்டு வகை மனிதர்கள் இருக்கின்றனர். மருந்து பலிக்காமல் இறந்தோர் ஒரு வகை. பலிக்கக்கூடிய மருந்து கைக்கு எட்டாமல் இறந்தோர் மறுவகை. முன்னவர்களுக்காக விஞ்ஞானிகள் உழைக்கின்றனர். பின்னவர்களுக்காக உழைக்க வேண்டியவர்கள் நிர்வாகிகளும் அரசியல்வாதிகளும், எம்போன்ற எழுதுவோருமே.

புதிய மருந்தைப் பதுளைக்குக் கொண்டுவந்து கொட்டினாலும் போதாது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று விரைந்து சொல்லும் நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் வேண்டும். இல்லாவிடில் நல்ல மருந்தும் கண்ணைக் கட்டி எய்த அம்புதான். கடைசி மருந்தைக் கடைசியாகவே பயன்படுத்தும் கட்டுப்பாடு வேண்டும். இலங்கை 2017 இல் வகுத்த எதிர்ப்பாற்றல் தடுப்புத் திட்டமும் இதனையே கூறுகிறது. இவற்றுக்கெல்லாம் முன்பாக, மருந்தே தேவைப்படாமல் செய்யும் எளிய காரியங்கள் வேண்டும்: கட்டிலின் தலைப்பக்கத்தை முப்பது பாகைக்கு மேல் உயர்த்துதல், நோயாளியின் வாயைச் சுத்தம் செய்தல், ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் கைகழுவுதல், குழாயை எவ்வளவு விரைவாக அகற்றலாம் என்று நாள்தோறும் பார்த்தல். இவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. போதிய தாதியரும் தண்ணீரும் சவர்க்காரமும் இருந்தால் போதும். இவைகூடக் குறைவுபடும் விடுதிக்கு எந்த அரிய மருந்து வந்தும் நிலைக்காது. கிருமி அதனையும் விரைவில் கற்றுக்கொள்ளும்.

பிபிலேயின் கொள்கையைச் சிலர் மலிவு விலைக் கொள்கை என்று சுருக்கிப் பேசுவர். நான் அதனை முறைமையின் கொள்கை என்றே கருதுகிறேன். தேவையானதை அறிந்து, தேவையானவருக்கு, தேவையான அளவில் கொடுத்தல். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அது ஏழை நாட்டின் சிக்கனமாகப் பார்க்கப்பட்டது. இன்று, செல்வந்த நாடுகளே கடைசி மருந்துகளைப் பூட்டி வைத்து எண்ணிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டன. ஊவாவின் மைந்தர் சொன்னதை உலகம் வேறு வழியின்றிக் கற்றுக்கொண்டிருக்கிறது.

ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்க்கும் அறிவு தமிழ் மண்ணில் இருந்தது. ஒரு மருந்தைக் கடைசிக் கட்டில்வரை கொண்டுசெல்லும் அறிவு ஊவா மண்ணில் இருந்தது. இவ்விரண்டையும் இணைக்க வேண்டியது அரசின் கொள்வனவுப் பட்டியலும், அதைக் கண்காணிக்கும் நம் குரலும். கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்த கைகள், அதே செலாவணியில் வாங்கப்படும் மருந்துக்காகப் பதுளைக் கட்டிலில் காத்திருக்கும்போது, கையிருப்பில் இல்லை என்ற பதிலைக் கேட்கக் கூடாது. அந்த உரிமையை அவர்கள் முன்கூட்டியே, பல தலைமுறைகளாகச் செலுத்திவிட்டார்கள்.